கத்தரியில் வேப்பங்கொட்டைச் சாறு மூன்று முறை அடித்தும் சொத்தை குறையவில்லை. எங்கே தவறு?

கிணத்துமேடு (ஒட்டன்சத்திரம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். 40 சென்ட்டில் கத்தரி போட்டிருக்கிறேன், நட்டு 70 நாள் ஆகிறது. போன வருடம் மருந்து அடித்துவிட்டு வந்த அன்று அப்பா வரப்பிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி வீட்டுக்குள் அந்த டப்பா வரக்கூடாது என்று. அதனால் இந்தத் தடவை வேப்பங்கொட்டைச் சாறு மட்டும்தான். பத்து நாளுக்கு ஒரு முறை என்று மூன்று முறை அடித்தாகிவிட்டது.

இலை ஓரளவு சுத்தமாக இருக்கிறது. ஆனால் காய்? நாலு மூட்டை பறித்தால் ஒரு மூட்டை சொத்தை. நேற்று சந்தையில் மூட்டையைக் கொட்டிப் பார்த்துவிட்டு மொத்த விலையையும் குறைத்துவிட்டார்கள். வேப்பங்கொட்டை வேலை செய்யாதா, இல்லை நான் செய்வதில் தப்பா? அம்மா புகையிலையை ஊறவைத்துச் சேர்த்து அடிக்கச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொறிவண்டு

தம்பி, பதில் சொல்வதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும். கொட்டை எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு பழையது? பருப்பாக எடை போட்டீர்களா, ஓட்டோடா? அடித்த நேரம் என்ன? தண்ணீர் கிணற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா? முக்கியமாக, வாடித் தொங்கும் குருத்துகளைக் கிள்ளி எடுக்கிறீர்களா?

கிணத்துமேடு

கொட்டை கடையில் வாங்கியது அண்ணா. எந்த வருடத்துக் கொட்டை என்று கேட்கவில்லை. உடைத்துப் பார்த்தபோது பருப்பு பழுப்பாக இருந்தது, ஒரு பூஞ்சை வாடை. ஓட்டோடுதான் 4 கிலோ எடை போட்டு இடித்து ஊறவைத்தேன். வடிகட்டியபோது டீத்தண்ணி நிறத்தில் வந்தது. காலை மாடு கறந்துவிட்டு, ஒன்பது பத்து மணிக்கு அடித்தேன். போர் தண்ணீர்தான், உப்பு. சோப்பு கரைத்தால் நுரை வராமல் திரிதிரியாக நின்றது. குருத்து கிள்ளவில்லை. வெயிலில் வாடியிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் சேர்த்து விட்டேன்.

முருங்கைக்காடு (தாராபுரம்)

தம்பி, வேப்பமுத்தைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் அடித்தது வேப்பமுத்துச் சாறே இல்லை, ஓட்டுத் தண்ணீர். எங்கள் வீட்டில் பதினைந்து வருடமாக இதைத்தான் செய்கிறோம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழம் விழுகிற காலம் ஆனி கடைசி, ஆடி. காலையில் மரத்தடியில் விழுந்த மஞ்சள் பழத்தை அன்றன்றே பொறுக்க வேண்டும். இரண்டு நாள் ஈரமண்ணில் கிடந்தால் கறுப்புப் பூசணம் பிடித்துவிடும், அது எதற்கும் ஆகாது. அன்றைக்கே தண்ணீரில் போட்டுப் பிசைந்து தோலையும் சதையையும் கழுவிவிட்டு, கொட்டையை நிழலில் காயவைக்க வேண்டும். தார்சாலையில் கொட்டிச் சுள்ளென்ற வெயிலில் காயவைப்பது பெரிய தப்பு. நன்றாகக் காய்ந்ததும் சணல் சாக்கில் கட்டி காற்றோட்டமான இடத்தில் வைக்கலாம். பிளாஸ்டிக் சாக்கு வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். மூன்று மாதம் ஆன கொட்டையிலிருந்து எட்டு மாதம் வரை உள்ளதுதான் நாங்கள் எடுப்பது. அதைத் தாண்டினால் வீரியம் போய்விடுகிறது.

அளவு என்பது லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. பருப்பு! ஓடே கிட்டத்தட்ட பாதி எடை இருக்கும். 40 சென்ட்டுக்கு எட்டு டேங்க், அதாவது 80 லிட்டர் அடிக்கிறீர்கள் என்றால் 4 கிலோ பருப்பு வேண்டும். நீங்கள் போட்டதில் 2 கிலோ கூட இருந்திருக்காது.

ஓட்டை உடைத்துப் புடைத்துவிட்டுப் பருப்பை உரலில் மெதுவாக இடியுங்கள். எண்ணெய் கசிகிற அளவுக்குப் போகக்கூடாது, ரவை மாதிரி இருந்தால் போதும். அதைக் காடாத்துணியில் முடிந்து, பத்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் மூட்டையைத் தண்ணீருக்குள்ளேயே பிசைந்து பிசைந்து பிழிய வேண்டும். முதல் பிழியில் வெள்ளையாக, பசும்பாலில் தண்ணீர் கலந்த மாதிரி வரும். கையை எடுத்தால் விரல் இடுக்கில் கசப்பு ஏறியிருக்கும், அன்றைக்குச் சோறு பிசைந்து சாப்பிட்டால் சோறும் கசக்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்து, வடிகட்டி, 80 லிட்டராக்கிக்கொள்ளுங்கள். பழுப்பாக வந்தால் கீழே ஊற்றிவிடுங்கள், அடிக்கிற கூலியாவது மிஞ்சும்.

உப்புத் தண்ணீரில் சோப்பு திரியும், சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். மழைத்தண்ணீரோ நல்ல கிணற்றுத் தண்ணீரோ கிடைத்தால் அதில் கலக்குங்கள். கிடைக்காவிட்டால் சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த தண்ணீரைச் சேர்க்கலாம். உப்புத் தண்ணீரிலும் அது நுரைக்கும், இலையில் நன்றாக ஒட்டும்.

பொறிவண்டு

அக்கா செய்முறையை முழுதாகச் சொல்லிவிட்டார். நேரம் பற்றி நான் சொல்கிறேன். வேம்பில் பூச்சியைத் தடுக்கிற முக்கியப் பொருள் அசாடிராக்டின். அது பருப்பில்தான் அதிகம், இலையில் மிகக் குறைவு. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் அதைச் சிதைத்துவிடும். காரத்தன்மை உள்ள தண்ணீரிலும் அது நிலைக்காது. காலை பத்து மணிக்கு அடித்தால் பூச்சி சாப்பிட வருவதற்குள் பாதி போய்விடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடியுங்கள். ராத்திரி முழுக்க இலையில் இருக்கும், புழு மேய்வதும் அப்போதுதான். கலந்த அன்றே அடித்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைக்கக்கூடாது.

அப்புறம், கடை மருந்து மாதிரி அடித்த அரை மணியில் புழு துடித்து விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேம்பு அப்படி வேலை செய்வதில்லை. கசப்பால் தின்பதைக் குறைக்கும். தின்ற புழுவுக்குத் தோலுரிக்கிற ஹார்மோனைக் குழப்பும். அது சட்டை கழற்ற முடியாமல் சில நாளில் சாகும். சில தாய்ப்பூச்சிகள் அந்த இலையில் முட்டை வைக்கவே தயங்கும். இதெல்லாம் குட்டிப் புழுவிடம் நன்றாக நடக்கும். விரல் நீளப் புழுவாகிவிட்டால் பெரிய பலன் இல்லை.

இப்போது உங்கள் கத்தரிக்கு வருவோம். சொத்தைக்குக் காரணம் தண்டு, காய்த் துளைப்பான். தாய் அந்துப்பூச்சி ராத்திரியில் குருத்து, மொட்டு, காய்க்காம்பு, இலை அடி என்று ஒவ்வொரு முட்டையாக வைக்கும். நாலைந்து நாளில் பொரிக்கும். பொரித்த புழு சில மணி நேரத்துக்குள் குருத்திலோ காயிலோ துளைத்து உள்ளே போய், துளையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வேப்பஞ்சாறு மட்டுமல்ல, எந்தச் சாறும் அதைத் தொடாது. உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தச் சில மணி நேரம்தான். அதனால் பத்து நாள் இடைவெளி இந்தப் புழுவுக்குப் போதாது, பூக்கிற சமயத்தில் வாரம் ஒரு முறையாவது வேண்டும்.

நாளைக் காலையில் ஒன்று செய்யுங்கள். வாடித் தொங்குகிற ஒரு குருத்தை ஒரு சாண் கீழே கிள்ளி, நகத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே பல்குச்சி கனத்துக்கு ஒரு சுரங்கம், அதில் ஈரமான தூள், அதன் முனையில் இளஞ்சிவப்பாக ஒரு புழு. அதுதான் உங்கள் காய்க்கும் போகப்போகிறது.

கிணத்துமேடு

அண்ணா, பார்த்தேன். பத்துக் குருத்து பிளந்ததில் ஏழில் புழு இருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மூன்று வாரமாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு இருந்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது.

மேட்டாங்காடு

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். 2 ஏக்கர் கத்தரி வைத்திருப்பவன் 20 கிலோ பருப்பு இடிக்க வேண்டும், ராத்திரி ஊறவைக்க வேண்டும், வாரா வாரம் அடிக்க வேண்டும். ஆள் எங்கே இருக்கிறது? சந்தையில் ஓட்டை இருக்கிற காயை யாரும் தொடமாட்டார்கள். இயற்கைக் காய் என்று ஒரு ரூபாய் கூடவும் தரமாட்டார்கள். நான் ஒரு மருந்து அடித்தால் பத்து நாள் நிம்மதி. நானும் ஒரு வருடம் மூலிகைக் கரைசல் அடித்தவன்தான், அந்த வருட நஷ்டத்தை இன்னும் மறக்கவில்லை.

முருங்கைக்காடு

அண்ணா, ஆள் பிரச்சனை நிஜம், மறுக்கவில்லை. பெரிய பரப்பில் இடித்து மாளாது. அவர்களுக்குக் கடையில் அசாடிராக்டின் 1500 பி.பி.எம்., 10000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற வீரிய அளவு) என்று தயாராகவே கிடைக்கிறது. விலை கூடத்தான், ஆனால் லேபிளில் அளவு போட்டிருக்கும், வீரியம் நிச்சயம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், மனசில் கை வைத்துச் சொல்லுங்கள். கத்தரியை நாலு நாளைக்கு ஒரு பறிப்பு பறிக்கிறோம். மருந்து அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று ஒவ்வொரு லேபிளிலும் எழுதியிருக்கிறது. எத்தனை பேர் அத்தனை நாள் காத்திருக்கிறோம்? செடியில் காய் முற்றும்போது யாரால் காத்திருக்க முடியும்? என் பேத்திக்குப் பருப்பும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைக்கிறேன். ஊரார் பிள்ளைக்கும் அதே காய்தான் போகிறது. இதை நினைத்துத்தான் நான் மாறினேன்.

மேட்டாங்காடு

காத்திருப்பு நாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செம்மண்பாத்தி

தம்பி, உங்கள் அம்மா சொன்னதும் நல்ல யோசனைதான். அக்னி அஸ்திரம் செய்யுங்கள். மாட்டு மூத்திரத்தில் புகையிலை, பச்சை மிளகாய், பூண்டு, வேப்பிலை எல்லாம் அரைத்துப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு வடிகட்டி அடித்தால் துளைப்பானும் போகும். இயற்கைப் பொருள்தானே, யாருக்கும் கெடுதல் இல்லை.

பொறிவண்டு

மிளகாய், பூண்டு, வேப்பிலை வரை சரி, நானும் சொல்லியிருக்கிறேன். புகையிலை விஷயத்தில் தயவுசெய்து கவனம். புகையிலையில் இருப்பது நிக்கோட்டின். செடியிலிருந்து வருவதாலேயே அது சாது ஆகிவிடாது, நரம்பைத் தாக்கும் கடுமையான விஷம் அது. தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ஈரமான புகையிலை இலையைப் பறிப்பவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி வருவது தெரிந்த விஷயம். வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக் காட்டில் வேலை செய்தவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். நிக்கோட்டின் சல்பேட் என்ற பூச்சிக்கொல்லியை இந்தியாவில் பயன்படுத்தவே தடை இருக்கிறது. மருந்து அடித்து மயங்கிய அப்பா இருக்கிற வீட்டில், அடுப்பில் வைத்துப் புகையிலையைக் கொதிக்கவைக்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. புகையிலை, கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் பல காலம் உயிரோடு இருக்கும். ஊறவைத்த தண்ணீரை அப்படியே தக்காளிமேல் தெளித்தால் நோயை நாமே கொண்டுபோய் விட்டதாக ஆகும்.

சீத்தாப்பழ விதையும் அப்படித்தான். அசுவினி என்ற செடிப்பேனுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் அந்தத் தூள் கண்ணில் பட்டால் கண்ணே புண்ணாகிவிடும். அரைக்கும்போது கண்ணாடி போடாமல் யாரும் தொடாதீர்கள்.

செம்மண்பாத்தி

வைரஸ் விஷயம் எனக்குத் தெரியாது. போன தடவை தக்காளியில் தேமல் வந்ததற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். இனிப் புகையிலை சேர்க்கமாட்டேன். நன்றி.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2021-ல் இங்கே ரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் (பூச்சி மருந்தையும்) இறக்குமதி செய்வதை மே மாதத்தில் திடீரென்று நிறுத்தினார்கள், பிறகு நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். இடையில் பட்ட பாடு சொல்லி மாளாது. எங்கள் ஊரில் வேப்பமரத்துக்குக் குறைவே இல்லை, வளவுக்கு வளவு நிற்கிறது. ஆனால் தடை வந்தபோது எவரிடமும் பதப்படுத்திய வேப்பம் விதை கைவசம் இல்லை. கனபேர் இலையை இடித்து அடித்தார்கள், பலன் கிடைக்கவில்லை, வேம்பையே நம்பாமல் விட்டுவிட்டார்கள்.

என் ஐயா காலத்தில் மிளகாய்க் கன்று நடும் முன்பே வேப்பம் பிண்ணாக்கு பசளையோடு (எருவோடு) மண்ணில் கலந்து போடுவார்கள். பூச்சி வந்த பிறகு ஓடித் திரிகிற பழக்கம் அப்போது இல்லை. மேட்டாங்காடு அண்ணை சொல்கிற நஷ்டம் எனக்கு விளங்குகிறது. ஒரே போகத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் நஷ்டம்தான் வரும். நான் முதலில் கால் பரப்பில் செய்து பார்த்தேன், மூன்று போகத்துக்குப் பிறகுதான் முழுத் தோட்டத்துக்கும் வந்தேன்.

மாடியில்பசுமை (திருச்சி)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மாடியில் பத்துத் தொட்டியில் அவரையும் வெண்டையும் வைத்திருக்கிறேன். அவரைக் கொடி நுனியில் கறுப்பாகப் பேன் அப்பிக்கிடக்கிறது, கூடவே எறும்பு. விளக்குக்கு வாங்கிய வேப்பெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கி மத்தியானம் அடித்தேன், இலை எல்லாம் தீய்ந்துபோய்விட்டது. பேன் அப்படியே இருக்கிறது. இன்னொன்று, கத்தரிச் செடியில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு வண்டுகள் இருக்கின்றன. நல்லது செய்கிற பொறிவண்டு என்று விட்டுவைத்திருக்கிறேன், ஆனால் இலை சல்லடையாகிறது.

பொறிவண்டு

எண்ணெய் தண்ணீரில் தானாகக் கலக்காது. எண்ணெயோடு முதலில் சோப்புக் கரைசலைச் சேர்த்து, வெள்ளையாகும் வரை அடித்துவிட்டு, அப்புறம்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மேலே மிதக்கிற எண்ணெய் கடைசியில் ஒரே இலையில் கொட்டி, வெயிலில் பொசுக்கிவிடும். விளக்குக்கு விற்கிற கலப்பு எண்ணெய் வேண்டாம், சுத்தமான வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி போதும், அதுவும் சாயங்காலத்தில். முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். பேனுக்கு முதல் வேலை, தண்ணீர்க் குழாயை விரலால் அழுத்திப் பீய்ச்சி அடித்துக் கழுவுவது. எறும்பை ஏறவிடாதீர்கள். பேன் கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பேனைத் தின்ன வருகிற பூச்சிகளை விரட்டும்.

வண்டு விஷயத்தில் நீங்கள் விட்டுவைத்திருப்பது எதிரியை. அது எபிலாக்னா என்ற புள்ளி வண்டு. என் பெயர்க்காரப் பொறிவண்டின் முதுகு கண்ணாடி மாதிரி பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகு மங்கலாக, நெருங்கிப் பார்த்தால் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். இலையடியில் மஞ்சளாக முள் முள்ளாக ஊர்ந்தால் அது எபிலாக்னாவின் புழு. பச்சையத்தை மட்டும் சுரண்டி நரம்பை விட்டுவைக்கும், உங்கள் சல்லடை அதுதான். பத்துத் தொட்டிக்குச் சாறே தேவையில்லை. காலையில் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

ஏட்டுக்குறிப்பு

ஒரு பழைய செய்தி, இந்த இழையில் இருக்கட்டும் என்று தோன்றுகிறது. வெட்டுக்கிளிக் கூட்டம் மற்ற பச்சையை எல்லாம் மொட்டையடித்துவிட்டு வேப்பமரத்தை மட்டும் விட்டுப்போனதை 1959-ல் சூடானில் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். 1962-ல் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். பிரதான் குழுவினர் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்தால் பாலைவன வெட்டுக்கிளி தின்னாது என்று காட்டினார்கள். பிறகு வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994-ல் ஐரோப்பாவில் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அந்நாட்டு வேளாண் துறைக்கும் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய விவசாயிகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் இது என்று வழக்காடி, 2000-ல் அது ரத்தானது, மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது. நம் தாத்தாமார் செய்தது அத்தனை பெரிய மன்றத்தில் சாட்சியாக நின்றது என்பதில் எனக்குப் பெருமை.

கிணத்துமேடு (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் சாறு அடிக்கவே இல்லை. நானும் அம்மாவும் வரிசை வரிசையாகப் போய் வாடின குருத்தையும் ஓட்டை விழுந்த காயையும் கிள்ளினோம். மூன்று கூடை சேர்ந்தது. வரப்பில் போடாமல் குழியில் போட்டு மூடினோம். வரப்பில் போட்டால் புழு வெளியே வந்து கூடு கட்டி மறுபடி அந்துப்பூச்சியாகிவிடும் என்று பொறிவண்டு அண்ணா தனியாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் இந்த வேலை. பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 என்ற கணக்கில் இரண்டு வைத்தேன். முதல் ராத்திரியே பதினோரு ஆண் அந்துப்பூச்சி விழுந்திருந்தது.

முருங்கைக்காடு அக்கா சொன்ன மாதிரி பக்கத்து ஊரில் ஒரு பாட்டியிடம் நல்ல கொட்டை வாங்கினேன். பருப்பு இளம்பச்சையாக, உடைத்தால் ஈரம் மாதிரி மினுங்கியது. பிழிந்தபோது பால் மாதிரியே வந்தது, அம்மா கூப்பிட்டு அக்கம்பக்கத்தாருக்குக் காட்டினார். மழைத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துக் கலந்து, நாலரை மணிக்கு மேல் அடித்தோம். வாரம் ஒன்று, நாலு முறை.

நேற்றுப் பறித்ததில் ஆறு மூட்டைக்கு அரை மூட்டை சொத்தை. முழுதாகப் போகவில்லை. ஆனால் சந்தையில் மூட்டையைக் கொட்டிப் பார்த்தபோது யாரும் விலையைக் குறைக்கவில்லை. அப்பா இப்போது அவரே டேங்க்கைத் தூக்கிக்கொண்டு போகிறார். முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்.

மேட்டாங்காடு

படித்தேன் தம்பி. குருத்து கிள்ளுவதை நான் செய்ததே இல்லை. ஓர் ஓரத்தில் 20 சென்ட் விட்டுச் செய்து பார்க்கிறேன். பொறி எங்கே கிடைக்கிறது என்று சொல்லுங்கள்.

முருங்கைக்காடு

வேளாண் அறிவியல் நிலையத்திலோ உரக்கடையிலோ கேளுங்கள் அண்ணா, கத்தரிக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். தக்காளிக் காய்ப்புழுவுக்கான வாசனை மாத்திரையைப் போட்டால் ஒன்றும் விழாது. உள்ளே இருக்கும் மாத்திரையை மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

கிணத்துமேடு தம்பி, அடுத்த வருடத்துக்கு இப்போதே சாக்கு எடுத்து வையுங்கள். உங்கள் ஊர்க் கோவில் மரத்தடியில் காலையில் யார் பெருக்குகிறார்களோ அவர்களிடம் சொல்லிவையுங்கள், பழத்தைக் குப்பையில் தள்ளாமல் ஓரமாகக் கூட்டிவைக்கட்டும், கூலி தருகிறேன் என்று. 40 சென்ட்டுக்கு ஒரு போகத்துக்கு இரண்டு சாக்கு வேண்டியிருக்கும்.

கிணத்துமேடு

இரண்டு மரம் இருக்கிறது அக்கா. நாளைக்கே பேசிவிடுகிறேன்.